டெஸ்ட் எல்லாம் பாஸ்... பில் மட்டும் தப்பு!

ஆவடியில் வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடும் ஒருவருக்கு, மாத பில் போடும் சின்ன புரோகிராம் ஒன்றை நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் பழைய பாக்கி 350 ரூபாய். இந்த மாதம் 12 கேன், கேன் 35 ரூபாய் வீதம் 420 ரூபாய். மொத்தம் 770 வர வேண்டும். பிரின்டரில் வந்த காகிதத்தில் இருப்பதோ 350420!

"என்ன தம்பி, ஒரு வீட்டுக்கு மூணரை லட்சம் பில்லா? டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தே?" என்று அவர் போன் போடுவார். நீங்களும், "பண்ணினேன் அண்ணே, எல்லாம் பாஸ்தான் வந்தது" என்பீர்கள். இருவர் சொல்வதும் உண்மை. டெஸ்ட் பாஸ் ஆனது, பில்லும் தப்பு. இது எப்படி நடக்கிறது, எந்த ஆப்ஷனைப் போட்டால் நடக்காமல் தடுக்கலாம் என்பதைப் பார்ப்போம். புதிதாக லேப்டாப் வாங்கி, வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்களும், காலேஜ் புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும் ஒருமுறை செய்து பாருங்கள். எல்லாமே இலவச சாப்ட்வேர்தான்.

ஒரு சின்ன குறிப்பு. கட்டளைகளைப் படிக்கும் ஒலியிலேயே தமிழில் தந்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அடுத்து, புரோகிராம் மொழிகளில் டைப் என்று ஒரு சொல் வரும். கீபோர்டில் டைப் செய்வதோடு குழம்பாமல் இருக்க, அதைக் கட்டுரை முழுக்க 'வகை' என்றே சொல்கிறேன்.

எண்ணா, எழுத்தா?

கம்ப்யூட்டருக்கு 350 என்ற எண் வேறு, 3, 5, 0 என்று மூன்று எழுத்துகளை வரிசையாக வைத்திருப்பது வேறு. பிரவுசர்களுக்காக 1995-ல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை உண்டு. இரண்டு பக்கமும் எண் இருந்தால் கூட்டும். ஒரு பக்கம் எழுத்தாக இருந்தாலும் போதும், கூட்டாமல் ஒட்டிவிடும். பழைய பாக்கியை நீங்கள் ஒரு ஃபைலிலிருந்து படித்தீர்கள். ஃபைலிலிருந்து வருவது எல்லாமே எழுத்துதான். அதனால் "350" உடன் 420 ஒட்டிக்கொண்டு "350420" ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் எந்த எரரும் காட்டாது. அதன் கணக்கில் அது சரியான விடை.

இந்தத் தொல்லைக்காகத்தான் மைக்ரோசாப்ட் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்டேதான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எண்ணா, எழுத்தா என்று வகையை எழுதி வைக்கலாம். இதன் கம்பைலரின் பெயர் டிஎஸ்சி. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, எழுதிய வகைகள் எல்லா ஃபைல்களிலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது. இரண்டு, அந்த வகைக் குறிப்புகளை உரித்து எடுத்துவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது.

இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதை மனதில் வையுங்கள். பில் தப்பானதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. முதல் வேலைக்கு நேரம் பிடிக்கும், ஏனென்றால் எல்லா ஃபைல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலை சட்டென்று முடியும். ஒவ்வொரு ஃபைலாக எடுத்து உரித்தால் போதும். அதனால் டெஸ்ட் ஓட்டும் பல சாப்ட்வேர்கள் வேகத்துக்காக முதல் வேலையை விட்டுவிட்டு உரிப்பதை மட்டும் செய்கின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குள் போயிருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். துளை போட்ட ஒவ்வொரு பாகத்தையும் கோ, நோ-கோ என்ற இரண்டு முனை உள்ள கேஜை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இது அளவைப் பார்ப்பது. பிறகு பாகங்களைச் சேர்த்து மெஷினை ஓட்டிப் பார்ப்பது வேறு. வகை சரிபார்ப்பு கேஜ் மாதிரி, டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பது மாதிரி. கேஜ் பார்க்கும் ஆளுக்கு லீவு கொடுத்துவிட்டு, நல்ல பாகமாகப் பொறுக்கி ஒரு மெஷினை மட்டும் ஓட்டிப் பார்த்தால் அது ஓடத்தான் செய்யும்.

செய்து பார்ப்போம்

நோட் ஜேஎஸ் தளத்திலிருந்து எல்டிஎஸ் என்று போட்டிருக்கும் பதிப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 24 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பாக இருக்கட்டும். டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை நேரடியாக ஓட்டும் வசதி நோட்டில் 2024-ல் சோதனை முறையில் வந்தது. 2025 ஜனவரியில் வந்த 23.6 பதிப்பிலிருந்து தனி ஆப்ஷன் எதுவும் இல்லாமலே ஓடுகிறது.

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து என்பிஎம் கட்டளை கொடுத்தால், 'ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை' என்று சிலருக்குச் சிவப்பில் ஒரு எரர் வரும். பயப்பட வேண்டாம். பழைய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அதே கட்டளையைக் கொடுங்கள், வேலை செய்யும்.

ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் போய், கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அடித்து என்டர் தட்டுங்கள்.

என்பிஎம் இனிட் -ஒய்
என்பிஎம் பிகேஜி செட் டைப்=மாட்யூல்
என்பிஎம் இன்ஸ்டால் -டி டைப்ஸ்கிரிப்ட் @டைப்ஸ்/நோட்
என்பிஎக்ஸ் டிஎஸ்சி --இனிட்

மூன்றாவது வரியில் உள்ள 'டி' பெரிய எழுத்து. அந்த வரியைத் தாண்டிவிட்டு நேராக நான்காவதுக்குப் போகாதீர்கள். இணையத்தில் டிஎஸ்சி என்ற பெயரிலேயே சம்பந்தமில்லாத இன்னொரு பழைய பேக்கேஜ் இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டை முதலில் இன்ஸ்டால் செய்யாவிட்டால் அது வந்து உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தேடும் கட்டளை இதுவல்ல என்று சொல்லும்!

கடைசிக் கட்டளை, டிஎஸ்கான்ஃபிக் டாட் ஜேசான் என்ற ஃபைலை உருவாக்கும். கம்பைலரின் ஆப்ஷன்கள் எல்லாம் இதற்குள்தான். நோட்பேடில் திறந்தால் நிறைய வரிகள் தெரியும். எல்லாவற்றையும் இப்போது புரிந்துகொள்ளத் தேவையில்லை. சிலவற்றை மட்டும் கவனியுங்கள்.

'ஸ்டிரிக்ட்' என்பது ட்ரூ என்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதை ஃபால்ஸ் ஆக்கினால், நீங்கள் வகை எழுத மறந்த பெயர்களை எல்லாம் 'எதுவாகவும் இருக்கலாம்' என்று எடுத்துக்கொண்டு கம்பைலர் வாய் திறக்காமல் போய்விடும். எரர் நிறைய வருகிறது என்று முதல் வாரமே இதை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கேஜின் நோ-கோ முனையைத் தேய்த்துவிடுவதற்குச் சமம் அது.

'நோஎமிட்' என்பதை ட்ரூ என்று சேருங்கள். 'சரிபார், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எதையும் உருவாக்காதே' என்று பொருள். ஓட்டும் வேலையை நோட் பார்த்துக்கொள்ளும். 'அலவ்இம்போர்ட்டிங்டிஎஸ்எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றை அழைக்கும்போது பெயரின் முடிவில் டாட் டிஎஸ் என்று எழுதச் சொல்கிறது நோட். இந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் கம்பைலர் அதை எரர் என்கும். 'டைப்ஸ்' என்ற வரி காலியாக இருந்தால் அதில் நோட் என்று எழுதுங்கள். இல்லையேல் டெஸ்ட் கட்டளைகளே தெரியாது என்று கம்பைலர் சொல்லிவிடும். 'எரேசபிள்சின்டாக்ஸ்ஒன்லி' என்பது 2025-ல் வந்த 5.8 பதிப்பில் சேர்ந்தது. நோட்டால் உரிக்க முடியாத ஈனம் போன்ற சில பழைய எழுத்து முறைகளை நீங்கள் பயன்படுத்தினால் முன்கூட்டியே எச்சரிக்கும். அதையும் போட்டுவிடுங்கள்.

இப்போது மூன்று ஃபைல்கள். முதலாவது பில் கணக்கு. பழைய பாக்கி, இந்த மாதத் தொகை இரண்டும் எண் வகை என்று சொல்லி, கூட்டித் தரும் ஃபங்ஷன் அதில் இருக்கிறது. இரண்டாவது அச்சு. வாடிக்கையாளர் பட்டியலை ஃபைலிலிருந்து வரிவரியாகப் படித்து, கமா இருக்கும் இடத்தில் பிரித்து, முதல் ஃபைலில் உள்ள ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. மூன்றாவது டெஸ்ட். அது 350, 420 என்ற இரண்டு எண்களைக் கொடுத்து 770 வருகிறதா என்று கேட்கிறது. இந்த ஃபைலின் பெயர் டாட் டெஸ்ட் டாட் டிஎஸ் என்று முடிந்தால் நோட் தானாகவே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

நோட் --டெஸ்ட்

பாஸ் 1, ஃபெயில் 0 என்று வரும். அடுத்து இதைக் கொடுங்கள்.

என்பிஎக்ஸ் டிஎஸ்சி

உடனே அச்சு ஃபைலின் வரி எண்ணோடு டிஎஸ்2345 என்ற எரர் வந்து நிற்கும். எண் கேட்கும் இடத்துக்கு எழுத்தை அனுப்புகிறாய் என்பது அதன் சாரம். கூடவே, 'அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம்' என்றும் சொல்லும். அதுவும் நியாயம்தான். யாராவது ஒரு வரியில் கமா போட மறந்திருந்தால் பாக்கித் தொகையே கிடைக்காதே!

அதே ஃபோல்டர், அதே ஃபைல்கள். ஒரு கட்டளை பாஸ் என்கிறது, இன்னொன்று தப்பு என்கிறது. டிஎஸ்கான்ஃபிக்கில் ஸ்டிரிக்ட் போட்டிருக்கிறோமே, டெஸ்ட் ஓடும்போது அது ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். நோட் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வகைக் குறிப்புகளை வெற்றிடமாக்கிவிட்டு மீதியை ஓட்டுகிறது, அவ்வளவுதான். என்ன கண்டிப்பான ஆப்ஷன் எழுதி வைத்தாலும், டிஎஸ்சியை நீங்களே அழைத்தால்தான் அதற்கு உயிர்.

ஜெஸ்ட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பல காலேஜ்களிலும் கம்பெனிகளிலும் ஃபேஸ்புக் உருவாக்கிய ஜெஸ்ட் என்ற டெஸ்ட் சாப்ட்வேர் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு டைப்ஸ்கிரிப்டை இணைக்க இரண்டு வழி. பேபல் வழியாகப் போனால் உரிப்பது மட்டும்தான், சரிபார்ப்பு கிடையாது. டிஎஸ்-ஜெஸ்ட் வழியாகப் போனால், நீங்கள் ஒன்றும் மாற்றாதவரை அது வகையையும் சரிபார்த்து, தப்பிருந்தால் டெஸ்டையே ஃபெயில் ஆக்கும். 'டயக்னாஸ்டிக்ஸ்' என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் செய்தாலோ, 'ஐசோலேட்டட்மாட்யூல்ஸ்' முறைக்கு மாற்றினாலோ அந்தச் சரிபார்ப்பு போய்விடும், டெஸ்ட் வேகமாகும். வைடெஸ்ட் என்ற இன்னொரு சாப்ட்வேரும் டெஸ்ட் ஓட்டும்போது உரிக்க மட்டுமே செய்கிறது.

அப்படியானால் டிஎஸ்-ஜெஸ்ட்டைச் சரிபார்ப்போடு ஓட்டிவிட்டால் போதாதா? போதாது. டெஸ்ட் எந்த ஃபைல்களை அழைக்கிறதோ அவற்றை மட்டும்தான் அது பார்க்கும். நம் உதாரணத்தில் டெஸ்ட் அழைப்பது பில் கணக்கு ஃபைலை. தப்பு இருப்பது அச்சு ஃபைலில். அதை எந்த டெஸ்டும் தொடவில்லை. அதனால் டிஎஸ்-ஜெஸ்ட்டும் நமக்குப் பச்சைக்கொடிதான் காட்டியிருக்கும். தனியாக ஓடும் டிஎஸ்சியோ ஃபோல்டரில் உள்ள எல்லா டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களையும் பார்க்கும்.

அதனால் என் பரிந்துரை: டெஸ்டை வேகமாக, உரித்து மட்டும் ஓட்டுங்கள், சரிபார்ப்பைத் தனிக் கட்டளையாக வைத்து, ஒருபோதும் விடாதீர்கள். இரண்டையும் ஒரே சாப்ட்வேருக்குள் அடைக்கப் பார்ப்பது, வேகமும் இல்லாமல் முழுமையும் இல்லாமல் முடியும். இன்னொன்று, டிஎஸ்கான்ஃபிக்கில் 'எக்ஸ்க்ளூட்' பகுதியில் டெஸ்ட் ஃபைல்களைச் சேர்த்துவிடாதீர்கள். டெஸ்டுக்குள்ளேயே வகைத் தப்பு இருந்தால் அதை யார் பார்ப்பது?

கேஜ் பார்க்காதது

எல்லாம் வகை சரிபார்ப்பிலேயே அடங்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பில்லில் ஊர்ப் பெயருக்கு ஆறு எழுத்து இடம்தான் இருக்கிறது என்று வையுங்கள். 'அம்பத்தூர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. அ, ம், ப, த், தூ, ர். சரியாக அடங்க வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும். யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும், 'தூ'வில் உள்ள ஊகாரக் குறிக்கும் தனித்தனி இடம். முதல் ஆறை வெட்டி எடுத்தால் பில்லில் 'அம்பத்' என்று வந்து நிற்கும்! எழுத்து வகை உள்ளே போய் எழுத்து வகைதான் வெளியே வந்திருக்கிறது. டிஎஸ்சிக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்து டெஸ்ட் எழுதியிருந்தால் அதுவும் பாஸ். நம் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே கொடுத்து ஒரு டெஸ்ட் எழுதினால்தான் மாட்டும். சரிசெய்ய 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி மொழியிலேயே இருக்கிறது, அது ஆறு என்று எண்ணும்.

இதேபோல இன்னொன்று. எழுத்தை எண்ணாக மாற்ற 'நம்பர்' என்ற ஃபங்ஷன் உண்டு. "350" கொடுத்தால் 350 வரும். "350 ரூ" என்று கொடுத்தால் 'எண் அல்ல' என்ற ஒரு விசித்திர மதிப்பு வரும். வேடிக்கை என்னவென்றால், அந்த 'எண் அல்ல' என்பதன் வகையும் எண்தான்! கம்பைலர் மகிழ்ச்சியாக விட்டுவிடும். காலியாகக் கொடுத்தாலோ பூஜ்யம் வரும், பழைய பாக்கி தள்ளுபடி! இவற்றையும் டெஸ்ட்தான் பிடிக்க வேண்டும்.

எனவே திருத்தும்போது, ஃபைலிலிருந்து ஒரு வரி உள்ளே நுழையும் வாசலிலேயே எழுத்தை எண்ணாக மாற்றி, சரியான எண் இல்லையென்றால் வரி எண்ணைச் சொல்லி நிறுத்துகிற மாதிரி ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். டெஸ்டையும் சுத்தமான 350, 420 கொண்டு எழுதாமல், அவருடைய நோட்டுப்புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரியைக் கொடுத்து எழுதுங்கள். கமா விட்டது, ரூபாய் என்று எழுதியது, பாக்கி காலியாக இருப்பது என்று எல்லாமே வேண்டும். பின்கோடு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு எண்ணாக மாற்றாதீர்கள். அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056 எல்லாம் பார்க்க எண் போல இருந்தாலும், யாரும் அவற்றைக் கூட்டப் போவதில்லை. அவை எழுத்து வகை.

சின்ன பில்லுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பி, 40 விநாடிக்குள் திசைமாறி வெடித்துச் சிதறியது. காரணம், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றிய ஒரு வரி. 16 பிட்டில் 32767-க்கு மேல் அடங்காது. அந்த சாப்ட்வேர் ஏரியன் 4-லிருந்து எடுத்தது, அதில் இந்த எண் இவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. ஆபத்துள்ளவை என்று தெரிந்த ஏழு மாற்றங்களில் நான்குக்குத்தான் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டரின் வேலைப்பளுவைக் குறைக்க மூன்றை விட்டுவிட்டார்கள். உதவிக்கு வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே சாப்ட்வேர், அதே தப்பு. விசாரணைக் குழு 1996 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. ஏரியன் 5-ன் உண்மையான பயணப்பாதை எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியை யாரும் டெஸ்ட் செய்யவில்லை என்பது அதில் இருந்தது. வேகத்துக்காக ஒரு சரிபார்ப்பை விட்டது, டெஸ்டில் உண்மையான எண்களைக் கொடுக்காதது: நம் தண்ணீர் கேன் கதையும் இதேதான். பின்னாளில் ஏரியன் 5 நன்றாகவே தேறிவிட்டது. 2005 டிசம்பரில் நம் இன்சாட்-4ஏ அதில்தான் போனது. பல வீட்டு மொட்டைமாடி டிஷ்களுக்குப் படம் அனுப்பிய செயற்கைக்கோள் அது.

ஒரே கட்டளையில்

இரண்டு கட்டளைகளை நினைவு வைத்துக்கொண்டு அடிப்பது நடக்காத காரியம். அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுவோம். உங்கள் ஃபோல்டரில் பேக்கேஜ் டாட் ஜேசான் என்ற ஃபைல் இருக்கும். அதில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். 'டெஸ்ட்' என்பதற்கு எதிரே உள்ளதை அழித்துவிட்டு நோட் --டெஸ்ட் என்று எழுதுங்கள். அதற்கு மேலே 'ப்ரீடெஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே டிஎஸ்சி என்று எழுதுங்கள். இனி என்பிஎம் டெஸ்ட் என்று கொடுத்தாலே முதலில் வகை சரிபார்ப்பு ஓடும். அதில் ஒரு எரர் இருந்தாலும் டெஸ்ட் தொடங்காது.

நீங்கள் எழுதும் சின்ன புரோகிராமுக்குச் சரிபார்ப்பு சில விநாடிகளில் முடியும். பெரிய புரோகிராம்களில்தான் காத்திருக்க வேண்டிவரும். அதற்கும் வழி பிறந்திருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரையே கோ மொழியில் திரும்ப எழுதுவதாக 2025 மார்ச்சில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. சுமார் 15 லட்சம் வரிகள் கொண்ட விஎஸ் கோட் எடிட்டரைச் சரிபார்க்க முன்பு 77.8 விநாடி ஆனது, புதியதில் 7.5 விநாடி என்று கணக்கும் காட்டியது. நேரமாகிறது என்று சரிபார்ப்பை அணைத்து வைக்க இனி பெரிய நியாயம் இருக்காது.

எழுதிக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொரு முறையும் கட்டளை கொடுக்க அலுப்பாக இருந்தால், இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைத் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் என்பிஎக்ஸ் டிஎஸ்சி --வாட்ச், இன்னொன்றில் நோட் --டெஸ்ட் --வாட்ச். ஃபைலை சேவ் செய்தவுடன் இரண்டும் தாமாகவே திரும்ப ஓடும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் என்றால், பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் டேப்களை மூடிவிட்டு ஓட்டுங்கள். முடித்ததும் ஒவ்வொரு ஜன்னலிலும் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு சி தட்டினால் நின்றுவிடும்.